வாரக் கடிதம் வருகிறது. வாக்குக் கணக்கு எங்கே?

தொகுதி மக்களுக்கு வாராவாரம் சேதி சொல்லும் வழக்கம் சட்டமன்ற உறுப்பினர்களிடையே பெருகி வருகிறது. முன்பெல்லாம் துண்டுப் பிரசுரம் வந்தது. இன்று கைப்பேசிக்குப் படமாகவே வருகிறது. திங்களன்று நிழற்குடை திறப்பு. புதனன்று தார்ச்சாலைக்குப் பூமி பூஜை. வெள்ளியன்று காதணி விழா. எல்லாப் படத்திலும் மாலை, எல்லாப் படத்திலும் சிரிப்பு!

நிழற்குடை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெயிலில் நின்றவனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும். ஆனால் அந்த நிழற்குடை யார் வீட்டுப் பணத்தில் எழுந்தது? 2023-ல் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிகளுக்கும் சேர்த்தால் 702 கோடி. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் கட்டுகிற வரிதான் அது. நம் பணத்தை நமக்கே கொடுத்துவிட்டு, கல்வெட்டில் தன் பெயரை வெட்டிக்கொள்வது என்ன நியாயம்?

அது போகட்டும். நிழற்குடை கட்ட ஊராட்சி போதும். சட்டமன்ற உறுப்பினரை நாம் சென்னைக்கு அனுப்புவது சட்டம் செய்வதற்கு. அங்கே அவர் எதற்குக் கை தூக்கினார், எதற்கு வாய் மூடினார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய சேதி. வாரக் கடிதத்தில் அந்த ஒரு சேதிக்கு மட்டும் இடம் இருப்பதில்லை!

2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று ஒரே நாளில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று ஆலைத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. மற்றது விவசாயத் தொழிலாளியின் காலடி மண்ணைத் தொட்டது.

முதலாவது, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். அன்று நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் 65-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி ஆகியவற்றைப் பற்றிய விதிகளிலிருந்து எந்த ஆலைக்கும் அரசு விலக்கு அளிக்கலாம் என்பதே அதன் சாரம். 12 மணி நேர வேலைக்கு வாசல் திறந்தாயிற்று! "தொழிலாளி விரும்பினால்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது" என்று சமாதானம் சொன்னார்கள். ஆலை வாசலில் நிற்பவனுக்கு என்ன விருப்பம் இருக்கிறது, தோழர்களே? மாட்டேன் என்றால் மறுநாள் வேலை இல்லை. அதுதான் அவனுடைய விருப்பம்! வாரம் 48 மணி நேரம் என்ற விதியும் விலக்கு அளிக்கத்தக்க விதிகளின் பட்டியலில் இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பெருந்திட்டம் வருமானால், அதற்குள் கிடக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒப்படைக்க அது வழி செய்கிறது. விவாதம் இல்லாமலே நிறைவேறிய இந்தச் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஏரி போனால் நடவு போகும். நடவு போனால் கூலி போகும். மாடு தண்ணீர் குடிக்கும் ஓடையும், ஆடு மேயும் புறம்போக்கும் நிலமில்லாதவனுக்கு உள்ள ஒரே சொத்து அல்லவா?

இந்த இரண்டிலும் உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார்? சொல்ல முடியாது! ஏனென்றால் குரல் வாக்கெடுப்பு. "ஆம் என்போர்" என்று கேட்பார்கள்; ஓசை எழும்பும். "இல்லை என்போர்" என்று கேட்பார்கள், ஓசை எழும்பும். "நிறைவேறியது" என்று முடிப்பார்கள். யார் ஆம், யார் இல்லை என்று பெயர் வாரியான பதிவு கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாகக் குரல் கொடுத்தவர், ஊருக்குத் திரும்பிக் காதணி விழாவில் மொய் எழுதுகிறார்!

ஆனால் 12 மணி நேர மசோதாவின் கதி என்ன ஆயிற்று? ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24-ல், மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில், திரும்பப் பெறுவதாக அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக 100 ஆண்டு! சேதி தெரிந்தது, எதிர்த்தோம், வென்றோம். நிலச் சட்டமோ சத்தமில்லாமல் போயிற்று, நிலைத்துவிட்டது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. எந்தக் கட்சி உறுப்பினரானாலும், எங்கள் கட்சியே ஆனாலும், வாரக் கடிதத்தின் முதல் வரியில் இந்தக் கணக்கு இருக்கட்டும்: என்ன மசோதா வந்தது, ஆமென்றாரா இல்லையென்றாரா, என்ன கேள்வி கேட்டார், எத்தனை நாள் அவைக்குப் போனார். கூலியையும் நிலத்தையும் தொடும் எந்த மசோதாவானாலும், பெயர் வாரியாக வாக்கைக் கணக்கெடுக்கும்படி அவர் அவையில் எழுந்து கேட்கட்டும்.

கடிதத்தில் எழுதாவிட்டால் நேரில் கேட்போம். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என்று கிராம சபை கூடுகிறது. உறுப்பினரை அங்கே அழைப்போம். ஷிப்டு முடித்த மில் தொழிலாளியும் களை எடுத்துத் திரும்பிய பெண்ணும் ஒரே திண்ணையில் அமர்ந்து கேட்கட்டும்: "ஐயா, நிழற்குடை பார்த்தோம். 2023 ஏப்ரல் 21-ல் எங்கள் ஊரின் குரல் என்ன சொல்லிற்று?"

பதில் சொல்பவருக்கு அடுத்த முறையும் வாக்குக் கேட்க வாய் இருக்கும். பதில் சொல்லாதவரின் படத்துக்கு நம் கைப்பேசியில் என்ன வேலை?