பிழையை மொழிபெயர்க்க வேண்டா!

தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு விடை சொல்லிச் சொல்லியே நம் காலம் பெரிதும் கழிந்தது. ஈழத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டினார். அவ்வினா அன்றே முடிந்தது. எப்படிச் சொல்வது என்பதே எஞ்சியிருக்கும் வினா. அதைப் பகைவரிடம் அன்று, நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலவழி மாணவன் 'கார்போஐதரேட்டு' என்று உருவேற்றுகின்றான். தமிழ்வழி மாணவன் 'மாவுச்சத்து' என்கின்றான். பின்னதில் பாதி வடமொழி என்பது ஒரு குறை. அது பொருளை மறைக்கின்றது என்பது அதனினும் பெருங்குறை. கரும்பின் வெல்லம் மாவா? பாலின் இனிப்பு மாவா? நாம் உடுத்தும் பருத்தி மாவா? இவை யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே!

அப்படியானால் ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, 'கரி' என்றும் 'நீரேற்று' என்றும் பெயர்த்து ஒட்டிவிடலாம் என்பார் நம்மவருள் உளர். சொல் தூயதாகும், கருத்தோ பிழையாகும். 1844-இல் செருமானிய அறிஞர் கார்ல் சிமித்து இவ்வினத்திற்கு அப்பெயரை இட்டார். குளுக்கோசின் ஒரு மூலக்கூறில் கரியணு 6, நீரக அணு 12, உயிரக அணு 6 உள்ளன. நீரில் உள்ளவாறே நீரகம் இரண்டிற்கு உயிரகம் ஒன்று. ஆகவே, கரியோடு நீர் சேர்ந்த பொருள் இதுவென அக்காலத்தார் கருதினர்.

பின்னர் அதன் கட்டமைப்பு விளங்கியது. இவ்வாய்விற்காகவும் எமில் பிசர் 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மூலக்கூறில் நீர் நீராக இல்லை. நீரகமும் உயிரகமும் கரியணுக்களோடு தனித்தனியே பிணைந்துள்ளன. புளிங்காடியின் புளிப்புப் பொருளிலும் அதே அளவுப் பொருத்தம் உண்டு. அஃது இவ்வினம் அன்று. நம் மரபிழையில் உள்ள இனிப்பில், கரியணு 5, நீரக அணு 10, உயிரக அணு 4. பொருத்தம் இல்லை, ஆயினும் இவ்வினமே. மேலையர் பழக்கத்தால் சுமக்கும் பிழையை, புதிதாகச் சொல் படைக்கும் நாம் ஏன் தலைமேல் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

பொருளைப் பார்த்துப் பெயரிடுவதே தமிழ் மரபு. பொருளைப் பார்ப்போம். குளுக்கோசில் ஐந்து கரியணுக்களும் ஓர் உயிரக அணுவும் சேர்ந்து அறுகோண வளையமாகின்றன. இவ்வளையங்கள் கைகோக்கும்போது, ஒவ்வோர் இணைப்பிற்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகின்றது. இணைப்பு ஒரு பாங்கில் அமைந்தால் தொடர் சுருண்டு அரிசி மாவாகின்றது. மறு பாங்கில் அமைந்தால் தொடர் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுகிப் பருத்தி இழையாகின்றது. சோறும் வேட்டியும் ஒரே கல்லால் கட்டிய இருவேறு வீடுகள்! முன்னதை நம் குடல் பிரிக்கும். பின்னதைப் பிரிக்கும் நொதி நமக்கில்லை. மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகளுக்கு உண்டு. அதனால்தான் வைக்கோல் அதற்கு உணவாகின்றது.

எனவே, இனிப்பை அடிப்படையாக வைத்து இவ்வினத்தை 'இனிமம்' எனலாம் என்பது என் கருத்து. குளுக்கோசு ஓரினிமம், கரும்பு வெல்லம் ஈரினிமம், மாவும் பஞ்சும் பல்லினிமம். மாவும் பஞ்சும் இனிப்பதில்லையே எனலாம். ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். உமிழ்நீர் அத்தொடரை அறுக்கின்றது. பிரெஞ்சு அறிஞர் பிராக்கனோ 1819-இலேயே மரத்தூளையும் துணியையும் கந்தகக் காடியால் சிதைத்து இனிப்பை எடுத்துக் காட்டினார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நீரிழிவு உற்ற ஒருவர் வெல்லத்தை அறவே விலக்கிவிட்டு, வயிறு நிறையச் சோறு உண்கின்றார். அச்சோறும் குடலில் குளுக்கோசாகிக் குருதியில் கலக்கும் என்பதை 'மாவு' என்னும் சொல் அவருக்குச் சொல்லவில்லை. 'கார்போஐதரேட்டு' சொல்லவே சொல்லாது. சோறு பல்லினிமம் என்று பள்ளியில் கற்றிருந்தால், அச்சொல்லே அவரை எச்சரித்திருக்கும். விளங்காச் சொல் உயிரையும் வாங்கும்.

என் சொல்லே நிலைக்க வேண்டும் என்று யான் வழக்காடவில்லை. இதனினும் பொருந்திய சொல்லைத் தருவார் தருக; மகிழ்ந்து ஏற்பேன். வடசொல்லை நீக்குவது தூய்மையின் முதற்படி; பிழைக்கருத்தை நீக்குவது அதன் முடிந்த படி. இரண்டும் ஏறிய பின்னரே நம் தமிழ் அறிவியல் தமிழாகும்!