முடவாட்டுக்கால் சூப்பும் அம்மாவின் விரல்களும்

போன மாசம் நண்பர்களோட கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டு ஆசாமிகள் ரெண்டு பேர் பாதி வழியிலேயே அவுட்!

மேல போனா திரும்பின பக்கமெல்லாம் முடவாட்டுக்கால் கிழங்கு. பழுப்பு ரோமத்தோட ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கிழங்குன்னு பேரே தவிர, பாறையிலயும் மரத்திலயும் ஒட்டி வளர்ற ஒரு பெரணியோட தண்டு அது. தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு சூப். அந்தக் குளிருக்கு அமிர்தம். ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

"மூட்டுவலி பறந்துடும் தம்பி, வீட்டுல பெரியவங்களுக்கு வாங்கிட்டுப் போங்க"ன்னாங்க கடைக்கார அக்கா. எனக்கு சுருக்குன்னுச்சு. 3 வருஷத்துக்கு முன்னாடி இதே கிழங்கை அம்மாவுக்கு வாங்கிட்டுப் போனவன் நான்தான்.

அம்மாவுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். "மாத்திரை வயித்தைப் பொரட்டுது, இந்த சூப்பே போதும்டா"ன்னாங்க. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தாங்க. நானும் தலையாட்டினேன். அஞ்சு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட போனப்ப வலது கையில ரெண்டு விரல் கோணியிருந்தது. கோணினது இனி மாத்திரையால நிமிராதுன்னுட்டார். அம்மாவால இப்ப பூ கட்ட முடியறதில்லை.

அந்த ஒரு மாசம் எப்படி நல்லா இருந்தாங்க? மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினாலும் அதோட பலன் சில வாரம் உடம்புல நிக்கும். இந்த நோயும் தானாவே ஏறி இறங்கும். மருந்து செஞ்ச வேலைக்கு சூப் பேர் வாங்கிக்கிச்சு.

என் கருத்து இதுதான்: தப்பு சூப் மேல இல்லை, 'மூட்டுவலி'ங்கிற ஒத்தை வார்த்தை மேல. வேற வேற நோயை எல்லாம் அந்த ஒரே பையில போட்டுக் கட்டிடறோம். வயசான முழங்கால்ல குருத்தெலும்பு தேயறது ஒண்ணு. முடக்குவாதம் முற்றிலும் வேற. நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்கி, எலும்பை அரிக்கும். ரெண்டு கையிலயும் சின்ன மூட்டுகள் வீங்கும். காலையில அரை மணி, ஒரு மணி நேரம்னு விரல் மடங்காது. ஆண்களை விட பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். முப்பது வயசுலயும் வரும், நுரையீரல், கண் வரைக்கும் போகும். இதோட பங்காளி லூபஸ், கிட்னியையே பதம் பார்க்கும். இன்னொரு பங்காளி, இருபதுகள்லயே முதுகுத்தண்டைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். விடியக்காலையில முதுகு வலிச்சு, நடமாடினா குறையுதா? ஆபீஸ் நாற்காலியைத் திட்டாம டாக்டரைப் பாருங்க.

வலி குறையறதும் நோய் அடங்கறதும் ஒண்ணு இல்லை. எர்ரர் மெசேஜை மறைச்சுட்டு பக் சரியாயிடுச்சுன்னு சொல்ற கதைதான். அந்தக் கிழங்கு எலிகளுக்கு வீக்கத்தைக் குறைச்சதா ஆய்வுகள் வந்திருக்கு. ஆனா எலிக்கு வீக்கம் வடியறதும், மனுஷனோட எலும்பு அரிக்கிறது நிக்கிறதும் ஒண்ணாகாது. மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துகள்தான் அந்த அரிப்பைத் தடுக்குது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிடணும், தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட், அப்பப்ப ரத்தப் பரிசோதனை. வயித்தைப் பொரட்டினா அதுக்கும் வழி இருக்கு, டாக்டர்கிட்ட சொன்னா போதும். நாங்க சொல்லலை.

முதல் சில மாசத்துலயே ஆரம்பிச்சா விரல்களைக் காப்பாத்தலாம். இதுக்குன்னே ருமட்டாலஜி டாக்டர்கள் இருக்காங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில தனித் துறையே இருக்கு.

இந்தத் தடவையும் அரைக் கிலோ கிழங்கு வாங்கினேன், டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். அம்மா ருசிக்கு சூப் குடிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கறேன்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். காலையில உங்க அம்மாவுக்கு விரல் மடங்குதான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.