காலடியில் ஒரு ஜன்னல்

"வயதானால் குளிரத்தான் குளிரும், அம்மா!"

இந்த வாக்கியத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! போன ஜனவரியில் நானும் சொன்னேன். சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். கதை நடந்த இடம் கனடாவில், டொரான்டோ நகரின் ஓரம். கதாநாயகி என் அம்மா. வில்லன், கால் அங்குல உயரமுள்ள ஒரு கதவிடுக்கு.

என் அக்காவும் அத்தானும் அங்கே குடியேறிப் பல வருஷங்கள் ஆகின்றன. பேரனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மா போயிருந்தாள். மூன்று வார லீவில் நான் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை, காலில் இரட்டைச் சாக்ஸ், தலையில் பேரனுடைய குல்லாய்!

"சிரிக்காதேடி. ராத்திரி முழுக்க யாரோ காலடியில் உட்கார்ந்து ஊதுகிற மாதிரி இருக்கிறது" என்றாள் அம்மா.

அத்தான் மரியாதைக்காரர். "ஹீட்டர் இருபத்திரண்டு டிகிரியில் ஓடுகிறதே, அத்தை! இன்னும் இரண்டு டிகிரி ஏற்றி வைக்கிறேன்" என்று ஏற்றியும் வைத்தார். மற்றவர்களுக்கு வேர்த்தது, அம்மாவுக்குக் கால் சில்லிட்டது. மாதக் கடைசியில் காஸ் பில் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பில்லை மடித்து வைத்த விதத்தை அம்மா பார்த்துவிட்டாள்.

அன்று ராத்திரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "என்னால் இவர்களுக்கு வீண் செலவு. டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கச் சொல். உன்னோடேயே ஊருக்கு வந்துவிடுகிறேன்."

மார்ச்சில் பேரனுக்குப் பிறந்த நாள். அதற்கென்றே வந்தவள் இப்படிச் சொன்னாள்.

இங்கே அந்த ஊர் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் கார் ஷெட் என்றால் வாசல் ஓரம் ஒரு கொட்டகை. அதற்கும் சமையலறைக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே பல வீடுகளில் ஷெட் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. கொட்டும் பனியில் இறங்காமல் கூடத்திலிருந்தே காருக்குப் போய்விடலாம். அதற்காக நடுவே ஒரு கதவு. வெளிப்பக்கம் பெரிய கதவு. அக்கா வீட்டில் இரண்டு கார் நிற்கும்படி 16 அடி அகலம், 7 அடி உயரம். பலகை பலகையாக மடங்கி, தண்டவாளம் போன்ற தடத்தில் மேலே ஏறிக் கொள்ளும். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது போல இந்தக் கதவின் அடி விளிம்பு முழுவதும் ஒரு ரப்பர் பட்டை உண்டு. கதவு இறங்கியதும் அது தரையில் அமுங்கிக் காற்றையும் பனித் தண்ணீரையும் எலியையும் தடுக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கொடுத்திருந்த அறை, இந்த ஷெட்டுக்கு நேர் மேலே.

ஒரு சனிக்கிழமை காலை. அம்மா தன் அறை மூலையில் சின்ன விளக்கை ஏற்றி ஊதுவத்தி கொளுத்தினாள். நேராக மேலே போக வேண்டிய புகை, தரையோரம் சாய்ந்து ஓடியது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வத்தியை எடுத்துக் கொண்டு ஜன்னலருகில் பிடித்தாள். புகை நேராக நின்றது. சுவரும் தரையும் சேருமிடத்தில் பிடித்தாள், சாய்ந்தது. விடுவிடென்று மாடிப்படி இறங்கி, ஷெட்டுக்குப் போகும் கதவின் அடியில் பிடித்தாள். புகை வீட்டுக்குள் பறந்தது!

வத்தியை அங்கேயே அணைத்துவிட்டாள். பெட்ரோல், பெயின்ட் எல்லாம் இருக்கிற ஷெட்டுக்குள் நெருப்போடு போகக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து இந்த லைட்டை அணையுங்கள்" என்றாள்.

அணைத்தார். பெரிய கதவின் அடியில், கோலத்துக்குக் கம்பி இழுத்த மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வெள்ளைக் கோடு! வெளியே பனி மேல் அடிக்கும் வெயில். குனிந்து கையை வைத்தோம். விரல் மரத்துவிட்டது. வெளியே மைனஸ் 15 டிகிரி.

அத்தான் கணக்குப் போட்டார். 16 அடி என்றால் 192 அங்குலம். இடுக்கு கால் அங்குலம். பெருக்கினால் 48 சதுர அங்குலம். அதாவது, ஏறக்குறைய ஏழு அங்குலத்துக்கு ஏழு அங்குலம் ஒரு ஜன்னல்! அதை ராப்பகலாகத் திறந்து போட்டுவிட்டு உள்ளே ஹீட்டரை ஏற்றிக் கொண்டிருந்தோம்.

"மன்னிக்கணும், அத்தை" என்றார் அத்தான். அம்மா, "நீங்கள் என்ன செய்வீர்கள், ரப்பர் அல்லவா கெட்டுப் போயிற்று?" என்றாள்.

குளிர் குறைந்த ஒரு நாளில் வேலையை ஆரம்பித்தோம். நம் வாசகிகளில் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்கதவு. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே உள்ள கதவுதான் முக்கியம். அதன் மூன்று பக்கமும் ஒட்டுப் பட்டை, அடியில் ஒரு ரப்பர்த் தகடு. ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக் கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பெரிய கதவு. காரை வெளியே நிறுத்தி, கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அது இறங்காதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, மோட்டாரின் மின்சாரத்தைப் பிடுங்கினோம். பழைய ரப்பர் ஓர் அலுமினியத் தடத்தில் செருகியிருந்தது. இழுத்தால் காய்ந்த அப்பளம் மாதிரி ஒடிந்தது. பட்டையில் மலிவான வினைல் என்று ஒரு ரகம் உண்டு; கடுங்குளிரில் விறைத்துப் போகும், தரையோடு படியாது. நல்ல ரப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும்.

பிளவுஸுக்கு மாட்ச் பார்க்கத் துண்டுத் துணி கொண்டு போகிறோமே, அது போலப் பழைய பட்டையில் ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டு போங்கள். தடத்துக்குள் நுழைகிற விளிம்பின் அளவு ஒத்திருக்க வேண்டும். கதவின் அகலத்தைவிட நாலு அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். வாங்கியதை ஒரு ராத்திரி வீட்டுக்குள் வைத்தால் இளகும்.

தடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி, பாவாடைக்கு நாடா கோப்பது போல ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க, புதுப் பட்டை வழுக்கிக் கொண்டு போயிற்று. ஓரத்தை உடனே ஒட்ட வெட்டாதீர்கள், சற்றே சுருங்கும். பக்கங்களிலும் மேலேயும் நிலையில் அடிக்கிற பட்டைகள் தனி. அவை கதவை லேசாகத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. தரை மேடு பள்ளமாக இருந்தால் தரையிலேயே ஒட்டுகிற ரப்பர் வரம்பு உண்டு. ஆனால் பனிக்காலத்தில் அந்தப் பசை பிடிக்காது.

நடுவில் ஒரு விபத்து தப்பியது. கதவின் அடிமூலையில் ஓர் இரும்புத் துண்டு. அதன் போல்ட்டைத் தளர்த்தினால் வேலை சுலபம் என்று அத்தான் ஸ்பானரை எடுத்தார். அக்கா போட்ட சத்தத்தில் அது கீழே விழுந்தது! நல்ல காலம். கதவின் பாரம் முழுவதையும் தாங்கும் ஸ்பிரிங்கின் கம்பி வடம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. முறுக்கேறிய அந்தக் கம்பி விடுபட்டால் கையையே எடுத்துவிடும். ஸ்பிரிங், வடம், அடிமூலை இரும்பு இந்த மூன்றையும் தொழில் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

வேலை முடிந்ததும் கதவின் கீழே ஒரு கட்டையைப் படுக்க வைத்து இறக்கிப் பாருங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு தானாகத் திரும்ப ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் ஓடுகிற வீடு அல்லவா?

இன்னொன்று, எல்லாவற்றிலும் பெரியது. ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்ப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளிக்கதவை நன்றாக அடைக்க அடைக்க இந்த அபாயம் கூடத்தான் செய்யும். உள்கதவு முதலில் என்றேனே, காரணம் இதுதான். அக்கா இருக்கும் ஒண்டேரியோ மாகாணத்தில், ஷெட் ஒட்டிய வீடுகளில் படுக்கையறை அருகே இதற்கான எச்சரிக்கை மணி இருக்க வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. அக்கா வீட்டு மணியை அன்றே அமுக்கிப் பார்த்தோம். அலறிற்று. திருப்தி!

ஒரு ரப்பர்ப் பட்டையால் அந்த அறை அடுப்பங்கரையாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஷெட்டுக்கு ஹீட்டர் கிடையாது. அதன் மேலுள்ள தரை கொஞ்சம் குளிரத்தான் செய்யும். அந்தத் தரைக்கு அடியில் குளிர் தடுக்கும் பஞ்சு திணிப்பது கோடை காலத்து வேலை. ஆனால் காலடியில் ஊதிக் கொண்டிருந்த ஆசாமி அன்றே போய்விட்டான். ஹீட்டர் பழைய இருபத்திரண்டுக்கு இறங்கியது. மறுநாள் காலை அம்மா ஒற்றைச் சாக்ஸோடு இறங்கி வந்தாள். குல்லாய் பேரனிடம் திரும்பிவிட்டது. டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அதெல்லாம் கனடாக் கதை, நமக்கென்ன?" என்கிறீர்களா? டிசம்பர் மாதத்து ஊட்டியில், கொடைக்கானலில் இருப்பவர்களைக் கேளுங்கள். சென்னையிலும் ஏ.ஸி. அறையின் கதவடியில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது. அந்த இடுக்கு வழியாகத்தான் நழுவிக் கூடத்துக்குப் போகிறது, கரன்ட் பில்லும் கூடவே ஏறுகிறது. ஊதுவத்திச் சோதனை இங்கேயும் பலிக்கும். ஆனால் காஸ் கீஸர் வைத்த குளியலறையின் காற்றுத் துவாரத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அங்கேயும் அந்த விஷ வாயு உண்டு.

வீட்டில் ஒரு பெரியவர் "குளிருகிறது" என்றால் முதலில் கதவைப் பாருங்கள். அவருடைய வயதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.