காவலர்க்கும் ஓய்வு வேண்டும்

பனமலைக் குன்றின்மீது பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயத்தையும், அங்கே எஞ்சி நிற்கும் உமாதேவியின் ஓவியத்தையும் காணச் செல்வோர் பலர். அக்குன்றைச் சூழ்ந்த செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் கண்ணுறங்காது நிற்கும் போலீஸாரை நோக்குவோர் மிகச் சிலரே. கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூட்டம் பெருகுங்கால் அயல் மாவட்டத்துப் போலீஸாரும் அங்கு வருவிக்கப்படுகின்றனர். இரவெல்லாம் வீதியில் நின்றவரே தம் நிலையத்துக்கு மீண்டு வழக்கெழுதவேண்டும். நெடுஞ்சாலையில் வண்டிகள் மோதிக்கொண்டால், சிதைந்த உடலங்களை எடுக்கவும் அவரே வேண்டும்.

முற்காலத்துப் பாடிகாவற்காரன் ஊரார் அளந்த நெல்லை உண்டு தன் ஊரையே காத்தான். 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் ஏற்பட்டபின், சம்பளம் பெறும் கான்ஸ்டேபிள் வந்தார். 1861-ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டமோ, போலீஸ்காரர் எக்காலத்தும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று விதித்தது. வேண்டும்போது வரவேண்டும் என்பதே அதன் கருத்தெனக் கொள்ளலாம், ஓய்வே கூடாதென்பதன்று. ஆயினும் வழக்கம் பின்னதையே பற்றிக்கொண்டது.

ஆலைத் தொழிலாளர்க்கு வாரம் ஒருநாள் ஓய்வை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உரிமையாக்கிற்று. தமிழ்நாட்டுக் காவலர்க்கு அத்தகைய ஆணை பிறந்தது 2021 நவம்பரிலேதான். அதுவும் தலைமைக் காவலர் நிலைவரையிலுள்ளார்க்கே. திருவிழா, தேர்தல், அமைச்சர் வருகை, ஆட்குறைவு என ஏதேனும் ஒன்று வந்து அந்நாளை விழுங்கிவிடுகின்றது என்பது அவர்தம் முறையீடு.

கள்வர் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வு கொள்கின்றனரோ என்று வினவுவார் உளர். மருத்துவசாலைக்கும் ரயிலுக்கும் ஞாயிறு இல்லை. ஆங்கெல்லாம் முறைவைத்துப் பணி செய்கின்றனர். உறக்கமற்றவர் கையில் துப்பாக்கியையும் கைதியையும் ஒருங்கே ஒப்புவித்தல், காவலர்க்கு மட்டுமன்று, நமக்கும் கேடாம்.

உள்ளத்தின் நலமோ இதனினும் மறைவானது. பெங்களூர் மனநல, நரம்பியல் கழகமாகிய நிம்ஹான்ஸின் துணையொடு நிறைவாழ்வுப் பயிற்சி 2018-இல் காவலர்க்கென வகுக்கப்பட்டது. நல்ல முயற்சியே. எனினும் 2023 ஜூலையில் கோயம்புத்தூர்ச் சரகத்தின் துணைத்தலைவரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் என்றும், பணிச்சுமை காரணமன்றென்றும் மேலதிகாரிகள் கூறினர். அவ்வாறே ஆகுக. உயர்பதவியும் சிகிச்சையும் வாய்த்தவர்க்கே அந்நிலையாயின், மனநோயைச் சொல்லவே நாணும் கான்ஸ்டேபிளை யார் கண்டுகொள்வார்?

ஏனையோர் சங்கம் கூட்டித் தம் குறையைக் கேட்கலாம். 1966-ஆம் ஆண்டின் சட்டமொன்று, அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்தலைப் போலீஸார்க்கு விலக்கியுள்ளது. கட்டுப்பாடு வேண்டிய படைக்கு அவ்விலக்குத் தகும் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் வாய் கட்டப்பட்டவர்க்காக வாயுள்ளோர் பேசவேண்டுமன்றோ? நம் கல்லூரியிற் பயின்று வழக்கறிஞராகவும், பத்திரிகையாளராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்குவோர் கேட்கவேண்டுவது பெரிதொன்றுமன்று. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர்க்கு வார ஓய்வு கிடைத்தது, எத்தனை பேர்க்கு எக்காரணத்தால் தவறியது என்னும் கணக்கை மாவட்டக் கண்காணிப்பாளர் மாதந்தோறும் வெளியிடுக என்பதே.