முதலாளியும் வறியவராகலாம்

சந்தியிற் சிறுகடை வைத்திருப்பவரையும் ஊரார் ‘முதலாளி’ என்பர். அவர்மீது வழக்கு வந்தால், இலவச சட்ட உதவி அவருக்கு எதற்கு என்பாரும் உளர். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, உதவி நாடுவோரின் வருமானத்தை ஆராய்கிறது. கடைக்காரரின் வருமானம் யாது? விற்பனைத் தொகையன்று. 100 ரூபா விற்பனையிற் கொள்விலை 85, வாடகை முதலிய செலவு 10 எனின், எஞ்சுவது 5 ரூபாவே. ஆயினும் கடையிலிருந்து வீட்டுக்கெடுத்த அரிசியும் சீனியும் கணக்கிற் சேரவேண்டும். கொள்முதற் சிட்டைகளும் கடன் கொப்பியும் வங்கிக் கணக்கும் உண்மையை உரைக்கும். வறியவர் பெயரளவில் முதலாளியானதால் நீதியின் வாயிலிலிருந்து திரும்புதலும், வசதியுள்ளவர் வறியவரின் இடத்தைப் பறித்தலும் ஒருங்கே தீதென்போம் நாம்.