வாழ்நாள் முழுக்க இருக்குமாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் தம்பி மகள் போன் பண்ணினாள். தை மாதம் கல்யாணம். "அத்தை, பார்லர்ல ஃபில்லர் ஊசி போடலாம்னு சொல்லுதாங்க. கன்னமும் உதடும் எடுப்பா வருமாம். ஒரு தடவை போட்டா வாழ்நாள் முழுக்க இருக்குமாம்" என்றாள்.

பச்சைப் பொய்!

பெரும்பாலும் போடுவது ஹயலுரானிக் அமிலம். நம் தோலிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடம்பு சில நாளில் கரைத்துவிடும். அதனால் இழைகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். அப்போதும் கரையத்தான் செய்யும், மெதுவாக. ஓயாமல் அசைகிற உதட்டில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். கன்னத்தில் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், சிலருக்கு இரண்டு. பிறகு? மறுபடி ஊசி, மறுபடி பணம். ஒரு சிரிஞ்சில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லி. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு! அதற்குப் பல ஆயிரம் ரூபாய்.

நிரந்தரமாகத் தங்குகிற வகையும் உண்டு. அதற்குத்தான் இன்னும் பயப்பட வேண்டும். ஹயலுரானிக் ஜெல் கோணலாகப் போனால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். நிரந்தர வகையைக் கரைக்க மருந்தே கிடையாது. கட்டி விழுந்தால் அறுவை சிகிச்சை வரை போக நேரலாம்.

எந்த வகையானாலும் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துவிட்டால் தோல் அழுகும். அபூர்வம்தான், ஆனால் கண் பார்வையே போனவர்களும் உண்டு. அந்த நேரத்தில் உடனே என்ன செய்ய வேண்டும் என்று பார்லரில் யாருக்குத் தெரியும்?

நம்ம தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்து வியாபாரி ஒரு முத்தை வாங்குமுன் சல்லடை சல்லடையாகச் சலித்து, எடை போட்டு, நிறம் பார்த்துத்தான் காசை எடுப்பான். அந்த ஊரில் பிறந்துவிட்டு, முகத்தில் ஏற்றுகிற மருந்தின் பெயரைக்கூடக் கேட்காமல் பணம் கட்டலாமா?

பார்லர்காரர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. "இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்கதான அத்தை, மாதா கோயில் திருவிழாவுல எல்லார் முன்னாடியும் கன்னம் ஒட்டிப்போச்சேன்னு சொன்னீங்க" என்றாள்.

சுருக்கென்றது. பாசத்தில் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். அது அவளுக்குள் ஆகஸ்டிலிருந்து கரையாமல் கிடந்திருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவள் முகம், அவள் முடிவு. போடுவதென்றால் தோல் மருத்துவரிடம் போ, மூன்று கேள்வி கேள் என்றேன். மருந்தின் பெயர் என்ன? எத்தனை மாதம் இருக்கும்? தப்பாகப் போனால் கரைக்க மருந்து கையில் இருக்கிறதா?

சொந்தங்களே, கல்யாண வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தால் "சாப்பிட்டியா மக்கா" என்று கேளுங்கள். போதும். கறுப்பு, ஒல்லி, ஒட்டின கன்னம் எல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்