பட்டி மாடும் பொலித்தீன் பையும்

நாட்டின் கேடுகளைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இரு வகையினரைக் காணலாம். ஒருவர், "அவனவன் தன் முற்றத்தைக் கூட்டினால் ஊர் தானே துப்புரவாகும்" என்பார். மற்றவர், "சட்டமும் ஆட்சியும் திருந்தாத வரையில் தனி மனிதன் என்ன செய்தும் பயனில்லை" என்பார். மாணாக்கரின் பட்டிமன்றத்துக்கு இது நல்ல பொருள்தான். அணிக்கு மூவராகப் பிரிந்து நின்று கைதட்டலும் பெறலாம். ஆனால், சித்தாண்டியில் வாழ்வோருக்கு இது பட்டிமன்றத்து வழக்கன்று. மாட்டுப் பட்டியின் வழக்கு.

எமது பகுதியில் மாடு வளர்ப்பும் நெற்செய்கையும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தாளை மேய்கின்றன; அவற்றின் எருவை நிலம் ஏற்றுக்கொள்கிறது. பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் காலம் வந்ததும் அவை வயற்பகுதியை விட்டு நீங்கியாக வேண்டும். எத்தனையாந் திகதிக்குள் நீங்க வேண்டும் என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே தீர்மானித்து அறிவிப்பர். பட்டிக்காரர் அப்பொழுது மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போகும் இடம் மேற்கேயுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகள்.

அந்நிலம் மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்கு உட்பட்டது. அண்மைக் காலத்தில், வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கே நிலம் திருத்திச் சோளம் முதலிய பயிர்களைச் செய்யலாயினர். மேய்ச்சல் சுருங்கிற்று. மாடுகள் சுடப்பட்டும் பொறிகளில் அகப்பட்டும் மடிவதாகப் பட்டிக்காரர் முறையிட்டனர். அதிகாரிகளிடம் போனார்கள், நீதிமன்றத்தையும் நாடினார்கள். கடைசியில், 2023 செப்டெம்பரில், சித்தாண்டியிலே பெருந்தெருவோரத்தில் தொடர் அறப்போராட்டம் தொடங்கி அமர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான நாட்கள் அது நீண்டது. அங்கே பயிர் செய்ய வந்தவர்களும் ஏழைகளாய் இருக்கக் கூடும். ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்தி வைப்பது, ஒழுங்கற்ற நிருவாகம் எக்காலத்திலும் செய்து வரும் வேலைதானே!

இனி இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மேய்ச்சற்றரை அடைபட்டால் மாடு எங்கே போகும்? வயற்பக்கமே திரும்பும். விதைத்த வட்டைக்குள் வாய் வைக்கும். இரவில் பெருந்தெருவில் படுத்து வாகனத்தில் அடிபடும். அப்பொழுது யார்மீது பழி விழுகிறது? கொழும்பிலே ஒரு மேசையில் வரையப்பட்ட எல்லைக்கோட்டின் மீதா? இல்லை. "மாட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாதவன்" என்று பட்டிக்காரன்மீதே விழுகிறது. வயற்காரன் அவனை ஏசுகிறான்; அவனே தண்டமும் கட்டுகிறான். மேலிடத்துப் பிழை ஊருக்குள் வந்து சேரும்போது, தனி மனிதனின் குற்றம் என்ற வேடத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. அயலவர் இருவர் பகைத்துக் கொள்கின்றனர். பகையின் வேரோ இருவர் கண்ணிலும் படுவதில்லை. தனி மனிதப் பொறுப்பையே எந்நேரமும் உபதேசிப்போர் காணத் தவறுவது இதைத்தான்.

இவ்வகை உபதேசத்துக்கு வெளிநாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1953 ஆம் ஆண்டு, போத்தலும் தகரப் பேணியும் செய்து விற்கும் நிறுவனங்கள் முன்னின்று, நாட்டை அழகாக வைத்திருப்பதற்கென்று ஓர் இயக்கத்தைத் தொடங்கின. 1971 இல் அவ்வியக்கம் வெளியிட்ட விளம்பரம் புகழ் பெற்றது. குப்பையைக் கண்டு ஓர் ஆதிக்குடி மனிதர் கண்ணீர் விடுவார். மாசை உண்டாக்குபவர் மக்களே, நிறுத்த வல்லவரும் மக்களே என்பது அதன் உட்பொருள். குப்பை போடுபவன் குற்றவாளியானான். ஒரு முறை பாவித்து எறியும் பேணியைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளியவன் அறிவுரையாளனானான்.

அப்படியானால் எல்லாவற்றையும் மேலிருந்து மாற்றிவிடலாமா? அந்தப் பாடத்தையும் நாம் படித்தவர்களே. 2021 மே மாதத்தில் அரசாங்கம் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல நோக்கமே. ஆனால், ஒரே இரவில் மாறும்படி மண்ணுக்குக் கட்டளையிட எந்த வர்த்தமானியாலும் இயலாது. நவம்பரிலே தடையை விலக்கிக் கொண்டார்கள். அதற்குள் 2021-22 பெரும்போகம் நாடெங்கும் விழுந்துவிட்டது. நட்டஈட்டுக்கென 40,000 மில்லியன் ரூபா ஒதுக்குவதாக 2022 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேதனப் பசளை வேண்டும் என்று நாடு கூக்குரலிட்ட அதே நாட்களிலேதான், வயலுக்கு எரு தரும் மாடுகளின் மேய்ச்சற்றரை கைநழுவிக்கொண்டிருந்தது. ஒரு கந்தோரின் கடிதம் அடுத்த கந்தோருக்குத் தெரியாது போலும்.

பொலித்தீன் விடயத்தில் கதை வேறு. 2017 ஏப்ரில் 14, புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் உணவு சுற்றும் லஞ்ச் சீற்றும், மெல்லிய பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. சமய விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் கூடாதென்றும் விதிக்கப்பட்டது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. திருவிழாக் காலத்தில் மாவிலையும் தென்னங்குருத்தும் தொங்க வேண்டிய இடத்தில் எது தொங்குகிறது என்பதைத் தாய்மாரும் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வாழையிலை இங்கே பஞ்சமான பொருளன்று. இதற்குக் கொழும்பைக் குறை கூறுவது சோம்பேறித்தனம். 2025 நவம்பர் முதல் கடைகளில் பைக்கு விலை அறவிட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. சில ரூபா கொடுத்துவிட்டால் பாவம் தீர்ந்தது என்று நம்மவர் எண்ணாதிருக்க வேண்டுமே!

இந்த இரண்டு கதைகளும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டில் மேய்ந்த யானைகள் வயிற்றில் பிளாஸ்டிக்கோடு இறந்த செய்தி 2022 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. மேய்ச்சல் இழந்து தெருவுக்கு வந்த மாட்டின் வயிற்றுக்கும் அதே பை போக எத்தனை நேரம் செல்லும்? நிலத்தைப் பறித்தது ஆட்சியின் பிழை. பையைக் கட்டி எறிந்தது நம் கை.

தமிழ்நாட்டில் நாகப்பட்டினக் கரையோரத்தில் இறாற் பண்ணைகள் பெருகி, நெல் வயலும் குடிநீரும் உவராகியபோது, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் எழுந்த விதம் இங்கே நினைக்கத்தக்கது. அவர்கள் எளிய வாழ்வு வாழ்ந்தவர்கள். தனி ஒழுக்கத்தில் எவருக்கும் குறைந்தவர்களல்லர். எனினும், "நான் இறால் உண்பதில்லை" என்ற அளவில் நின்றுவிடவில்லை. மக்களைத் திரட்டி அறப்போர் நடத்தியதோடு இந்திய உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தனர். 1996 டிசம்பர் 11 ஆம் திகதி, கரையோர ஒழுங்கு வலயத்தில் உள்ள அத்தகைய பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பு வந்தது. பின்னர் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைகளுக்கு மறுபடியும் கதவு திறந்து விட்டதையும் சொல்லத்தான் வேண்டும். வென்ற சட்டத்தையும் விழித்திருந்து காக்க ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள், தன் சுகத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகியவனாக இருந்தால் நெடுநாள் நிற்பான்.

சித்தாண்டித் தெருவோரத்தில் அமர்ந்தவர்களும் அவ்விதமே அமர்ந்தார்கள். கறவைக்கும் கன்றுக்கும் விடுமுறை இல்லை. அவ்வேலைகளுக்கிடையே நாள் ஒதுக்கி வந்தார்கள். அவர்களுள் ஒருவரேனும், இது என் கடமையா, அரசாங்கத்தின் கடமையா என்று வாதம் செய்துகொண்டு வீட்டில் இருந்திருந்தால் கொட்டகையில் ஓர் ஆள் குறைந்திருக்கும்.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலும் மாடுகளை அகற்ற வேண்டிய திகதி வாசிக்கப்படும். அவற்றைக் கொண்டுபோக வேண்டிய இடமும், எல்லை காட்டும் வரைபடத்தோடு, அதே கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். இதை எழுந்து கேட்கும் வேலையைப் பட்டிக்காரரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. வேலி அடைத்துக் காவலிருக்கும் வயற்காரரே முதலில் கேட்கலாம். அவருடைய நெல்லும் அந்த வரைபடத்திலேதான் இருக்கிறது.